கணக்கில் வந்த பீர்

எனக்கு பீர் பிடிக்கும். நாற்பத்தைந்தைத் தாண்டிய, பிளஸ் டூ படிக்கும் மகனை வைத்திருக்கிற ஒருவன் இதை எழுத்தில் சொல்வது நம் ஊரில் வழக்கமில்லை. குடிப்பவர்கள் ஏராளம். குடிக்கிறேன் என்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்பவர்கள் குறைவு. ஆனால் அதைச் சொல்லாமல் நான் எடை குறைத்ததைப் பற்றி எழுத முடியாது. 92 கிலோ இருந்தேன். ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 81 கிலோவுக்கு வந்தேன். பீரை முழுதாக விட்டுவிடாமல், சாப்பாட்டுக் கணக்குக்குள் அதற்கு ஓர் இடம் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த இடத்தை எப்படி உண்டாக்கினேன், அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தேன், யார் இதை முயலவே கூடாது என்பதை எழுதிவைக்க நினைக்கிறேன். எடை குறைப்பு என்று பேச்சு வந்தால் நம் ஆண்கள் எல்லாவற்றையும் பேசுவார்கள். சிறுதானியம், பேலியோ, காலையில் வெந்நீர், கொள்ளு ரசம் எல்லாம் வந்துவிடும். சனிக்கிழமை ராத்திரி மட்டும் வராது.

திருச்சியில் ஒரு டயட்டீஷியனைப் பார்க்கப் போனபோது மனைவியும் கூட வந்திருந்தாள். இளம்பெண்ணான அந்த டயட்டீஷியன் காலை முதல் இரவு வரை நான் சாப்பிடுவதை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எத்தனை இட்லி, காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் என்று போய், "ட்ரிங்க்ஸ் எடுப்பீங்களா சார்?" என்ற இடத்துக்கு வந்தது. "எப்பவாவது" என்று சொல்லிவிட்டால் அந்த அறையில் இருந்த மூவருக்கும் வசதி. நான், "சனிக்கிழமை ஆனா பீர் குடிப்பேன் மேடம். ஸ்ட்ராங். ரெண்டு பாட்டில்" என்றேன்.

நான் குடிப்பது மனைவிக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அது பேசப்பட்டதில்லை. முதல் தடவையாக என் வாயாலேயே, வேறொருவர் முன்னால், எண்ணிக்கையோடு கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. டயட்டீஷியன் எழுதிக்கொண்டே, "கூட என்ன சார் சாப்பிடுவீங்க? முடிச்சிட்டு என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் நிறைந்தது. பிறகு அவர் சொன்னார்: "நிறைய பேர் இதைச் சொல்றதே இல்ல சார். நாங்க 1,800 கலோரிக்கு சார்ட் போட்டுக் கொடுப்போம். அவங்களும் ஒழுங்கா ஃபாலோ பண்ணுவாங்க. வெயிட் இறங்காது. ஏன்னு அவங்களுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. நிறுத்திடுங்கன்னுதான் நான் சொல்வேன். நிறுத்த மாட்டீங்கன்னா, இந்த சார்ட்டுக்குள்ள அது வந்தாகணும்."

சார்ட்டுக்குள் வந்தாகணும் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் என் சனிக்கிழமையை முதல்முறையாக எழுதிப் பார்த்தேன். பீரைவிட, அதை ஒளித்துக் குடிப்பதுதான் உடம்பை அதிகமாக ஏற்றுகிறது என்பது எழுதியபோதுதான் தெரிந்தது.

அலுவலகம் முடிந்து நண்பர்கள் கூடி பாருக்குப் போய்ச் சேர எட்டரை மணி ஆகும். டாஸ்மாக் இரவு 10 மணிக்கு மூடிவிடும். நேரம் குறைவு என்பதால் ஸ்ட்ராங். கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 650 மில்லி பாட்டில் என்பதால், ஒன்று என்றாலே அது பெரிய ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டீயோடு வந்த வயிறு. எனவே சிக்கன் 65 ஒரு பிளேட், மசாலாக் கடலை. கடை மூடியதும் நேரே வீட்டுக்குப் போக முடியாது. வாடை அடங்க வேண்டும். பரோட்டாக் கடையில் மூன்று பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். வீட்டுக்குப் போனால் "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வி வரும். ஆச்சு என்றால் எங்கே, யாரோடு என்று பேச்சு நீளும். அதனால் உட்கார்ந்து இரண்டு தோசை. ஒரே ராத்திரியில் இரண்டு சாப்பாடு. அதில் இரண்டாவது, முழுக்க முழுக்க மறைப்பதற்காகச் சாப்பிட்டது.

இதைக் கலோரியில் போட்டுப் பார்த்தேன். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் இரண்டு பாட்டில் சுமார் 780. சிக்கன் 65 ஒரு பிளேட் 450 அளவில். எண்ணெயில் வறுத்த கடலை 50 கிராம் 290. பரோட்டா ஒன்று 270 என்று வைத்தாலும் மூன்றுக்கு 810. ஆம்லெட்டும் சால்னாவும் 250. வீட்டுத் தோசையும் சட்னியும் 300. மொத்தம் 2,880. கடைக்குக் கடை எண்ணெய் மாறும் என்பதால் இவை தோராயக் கணக்குத்தான். ஆனாலும் இதில் பீரின் பங்கு கால்வாசிக்குச் சற்று மேல். மீதி எல்லாம் பீர் கூட்டிக்கொண்டு வந்தவை.

என் உடம்புக்கு ஒரு நாளைக்கு 2,300 கலோரி அளவு தேவை, சார்ட் 1,800. தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு 3,500. ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்பதால், வாரம் 450 கிராம் இறங்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரிக்கு சார்ட்டில் இருந்தது 500; நான் சாப்பிட்டது 2,880. வாரம் முழுக்கக் கீரையும் மோருமாகச் சேர்க்க வேண்டிய 3,500ல் 2,380 அந்த ஒரு ராத்திரியில் போய்விடும். மிஞ்சுவது 1,120, அதாவது 150 கிராம்கூட இல்லை. வாரத்தில் இன்னொரு நாள் ஒரு கல்யாண விருந்தோ பிறந்தநாள் பார்ட்டியோ வந்தால் அதுவும் இல்லை. "சாப்பாட்டைக் குறைச்சும் எடை இறங்கலயே" என்று என் வயதுக்காரர்கள் பலர் கவலைப்படுவதற்குப் பின்னால் இப்படி ஒரு ராத்திரி இருக்கக்கூடும்.

பீர் பாட்டிலில் ஆல்கஹால் சதவீதம் அச்சிட்டிருக்கும். கலோரி எவ்வளவு என்பதை நாமேதான் கணக்கிட வேண்டியிருக்கும். அது கடினமில்லை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, கொழுப்பில் 9. கொழுப்புக்கு அடுத்த இடம் ஆல்கஹாலுக்குத்தான். மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் சுத்த ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வரும். அதை ஐந்தரையால் பெருக்கினால் ஆல்கஹாலின் கலோரி. 650 மில்லி, 5 சதவீத லாகர் என்றால் 32.5 மில்லி, சுமார் 180 கலோரி. பீரில் மீதமிருக்கும் மாவுச்சத்துக்கு 80 முதல் 100 வரை சேர்த்தால் ஒரு பாட்டில் 270. அதே பாட்டில் 8 சதவீதம் என்றால் 390. ஸ்ட்ராங்கிலிருந்து லாகருக்கு மாறினாலே பாட்டிலுக்கு 120 மிச்சம்.

ஆல்கஹாலும் உணவுபோலவே உடம்புக்கு எரிசக்தி தருகிறது என்பதை உறுதியாகக் காட்டியவர் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலர். 1890களில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ஓர் ஆள் உள்ளேயே தங்கக்கூடிய கலோரிமீட்டர் அறையைக் கட்டி, உண்பதையும் வெளியேறும் வெப்பத்தையும் அளந்தார். ஆல்கஹாலுக்கு உணவு மதிப்பே இல்லை என்று பிரசாரம் செய்துவந்த மதுவிலக்கு இயக்கத்தினருக்கு அந்த முடிவு கோபத்தைத் தந்தது. அவருடைய கணக்கு முறைதான் இன்றைக்கும் உணவுப் பொட்டலங்களின் பின்பக்கத்தில் நிற்கிறது. குடிப்பவனான எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம்: பீர் தண்ணீர்போல உள்ளே போய் வெளியே வந்துவிடும் ஒன்றாகத் தோன்றினாலும், உடம்பு அதை ஒரு வேளைச் சாப்பாடாகவே வரவு வைக்கிறது.

அந்த வரவில் ஒரு சிக்கல் உண்டு. ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. உள்ளே வந்ததும் ஈரல் அதை முதலில் தீர்த்தாக வேண்டும். சம்பந்தி வீட்டார் பந்திக்கு வந்துவிட்டால் மற்ற இலைகள் காத்திருப்பதுபோல, சோறும் எண்ணெயும் வரிசையில் நிற்கும். 1999ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் ஆண்களுக்கு 24 கிராம் ஆல்கஹால் கொடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட நம் 650 மில்லி லாகரில் இருக்கும் அளவு. அந்த ஆல்கஹாலில் கொழுப்பாக மாறியது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் உடம்பு கொழுப்பை எரிப்பது அந்த நேரத்தில் 73 சதவீதம் குறைந்துபோனது. பீர் நேராகத் தொப்பையாக மாறுவதில்லை. பீரோடு தின்ற சிக்கன் 65இன் எண்ணெய் எரியாமல் தங்கிவிடுகிறது. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் தீர்க்கும். லாகர் ஒரு பாட்டிலுக்கு மூன்று மணி நேரம் ஆகலாம். என் பழைய இரண்டு ஸ்ட்ராங்கில் 80 கிராமுக்கு மேல் இருந்தது. அது மறுநாள் விடிந்தும் தீர்ந்திருக்காது.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் யோசனை, "அப்ப பீரை விட்டுட்டுக் குவார்ட்டருக்கு மாறிடு மாப்ள, அதுல கார்ப்பே கிடையாது" என்பது. நம்பி மாறியவர்களை எனக்குத் தெரியும். நம் ஊர் பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் இருப்பது 42.8 சதவீதம். 180 மில்லியில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. கலோரி 420க்கு மேல். கூல்டிரிங்க்ஸ் கலந்தால் அதன் சர்க்கரை தனி. ஆல்கஹால் கிராமில் பார்த்தால் ஒரு குவார்ட்டர், லாகர் பாட்டிலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மாவுச்சத்தைத் தேடிப் பிடிப்பதால் எடை இறங்காது. அமெரிக்காவில் 1967லேயே ஜோசப் ஓவேட்ஸ் என்ற வேதியியலர் நொதியைக் கொண்டு மாவுச்சத்தைக் குறைத்து டயட் பீர் செய்தார். ஆனால் பீரில் கலோரியின் பெரும்பகுதி ஆல்கஹாலில் இருக்கிறது. லேபிளில் பார்க்க வேண்டியது சதவீதமும் மில்லியும்தான்.

இன்னொரு பக்கம், பீர் உடம்புக்குக் குளிர்ச்சி, கிட்னி கல்லைக் கரைக்கும், பீரெல்லாம் சரக்குக் கணக்கிலேயே வராது என்று நாம் கேட்டு வளர்ந்தவை. சித்திரை வெயிலில் சில்லென்று இறங்கும்போது குளிர்ச்சி மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஆல்கஹால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்குவதால், குடித்ததைவிட அதிக நீர் வெளியேறிவிடலாம். ஒல்லிப் பையன்களிடம் "தினம் ஒரு பீர் அடி, உடம்பு போடும்" என்று சொல்லும் அதே வாய், குண்டானவனிடம் "பீர்ல என்னடா இருக்கு" என்று சொல்லும். இரண்டில் முதலாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கணக்கு தெரிந்த பிறகு கடினமான வேலை வீட்டில் இருந்தது. மனைவியின் சித்தப்பா ஒருவர் குடித்து ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். அந்த வீட்டில் பெண்கள் பட்டதை அவள் சிறு வயதில் பார்த்திருக்கிறாள். "விடவே முடியாதாங்க?" என்று கேட்டாள். விட முடியும், விட மனமில்லை என்று உள்ளதைச் சொன்னேன். நண்பர்களோடு இருக்கும் அந்த ஒரு சாயங்காலமும், முதல் மடக்கின் கசப்பும் எனக்கு வேண்டியிருக்கின்றன என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப குடிச்சிட்டு வந்து சொல்லாதீங்க. போறதுக்கு முன்னாடி சொல்லுங்க. எத்தனைன்னும் சொல்லிட்டுப் போங்க. அதுக்கு மேல ஒண்ணு ஆனா, அதோட நிறுத்திடணும், மொத்தமா" என்றாள்.

டயட்டீஷியன் தந்த சார்ட்டைவிட இந்த ஒரு நிபந்தனை எனக்கு அதிகம் உதவியது. முன்கூட்டியே சொல்லிவிட்டதால் எண்ணிக்கை பாரில் முடிவாவதில்லை. முதல் பாட்டில் உள்ளே போன பிறகு எடுக்கும் முடிவை நம்ப முடியாது. பசியை அடக்கும் பிடியையே ஆல்கஹால் தளர்த்திவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு, தெளிந்த தலையோடு, சமையலறை வாசலில் நின்று "இன்னைக்கு ஒண்ணு" என்று சொல்வது வேறு. மறைக்க வேண்டியது இல்லாமல் போனதும் வாடை அடங்கக் காத்திருக்கும் பரோட்டாவும், சமாளிப்புக்கான தோசையும் தாமாக நின்றன. அந்த இரண்டில் மட்டும் ஆயிரம் கலோரிக்கு மேல்.

இப்போது என் சனிக்கிழமை இப்படி. மதியம் ஒரு கப் சோறு குறைவு. அது 200 கலோரி. புரதத்தைக் குறைப்பதில்லை, முட்டை, மீன், பருப்பு எல்லாம் அப்படியே இருக்கும். பீருக்காகப் பட்டினி கிடப்பதும் இல்லை. வெறும் வயிற்றில் ஆல்கஹால் வேகமாக ஏறும், கை வறுவல் தட்டுக்குத் தானாகப் போகும். ஏழு மணிக்கு வீட்டிலேயே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுவேன்: இரண்டு சப்பாத்தி, ஒரு மீன் குழம்போ முட்டைப் பொரியலோ. அதன் பிறகு கிளம்புவேன். பாரில் ஒரே ஒரு லாகர், 270. கூடவே அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம், சுமார் 165. வெள்ளரிக்காய் எவ்வளவு வேண்டுமானாலும். சுண்டலுக்கு ஈடாக அன்று நாலு மணி டீயோடு வடை கிடையாது. ஆக, கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய நேராகிவிடும். பாட்டிலை ஐஸ் பக்கெட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடித்தால் ஒரு மணி நேரம் தாராளமாக வரும். இடையில் தண்ணீர். சின்ன பாட்டில் கிடைக்கும் இடத்தில் 330 மில்லி; அது 140 கலோரிக்குள் முடியும். கிடைக்காவிட்டால் ஒரு நண்பனோடு ஒன் பை டூ.

வண்டி எடுப்பதில்லை. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு. என்னைப்போன்ற உடம்புக்கும் ஒரு 650 மில்லி லாகர் அதைத் தாண்டவைத்துவிடும். ஒரு பீர்தானே என்று கிளம்புபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நான் நடந்துபோய் நடந்தே திரும்புகிற தூரத்துக் கடையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். போகவர நடப்பதில் எரியும் கலோரி பெரிதில்லை. கிலோமீட்டருக்கு ஐம்பது அறுபதுதான். ஒரு பீரை நடந்தே கரைக்க வேண்டுமென்றால் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும். ஆகையால் "நாளைக்கு வாக்கிங்ல பார்த்துக்கலாம்" என்ற வாக்குறுதியை நான் எனக்குக் கொடுத்துக்கொள்வதில்லை.

எடை இயந்திரம் பற்றியும் சொல்ல வேண்டும். பீர் குடித்த மறுநாள் காலை எடை சில சமயம் குறைந்து காட்டும். உடம்பிலிருந்து நீர் போனதுதான் காரணம். அடுத்த ஓரிரு நாளில், தின்ற உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, முள் மேலே போகும். இரண்டுமே கொழுப்பின் கணக்கு இல்லை. இதனால் ஞாயிற்றுக்கிழமை எடையைப் பார்த்து மகிழ்வதையும் செவ்வாய்க்கிழமை எடையைப் பார்த்து மனம் உடைவதையும் விட்டுவிட்டு, வாரம் முழுக்கக் காலையில் எடுத்த எடையின் சராசரியை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிட்டேன். அதோடு இடுப்புச் சுற்றளவு. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது மருத்துவர்கள் வைக்கும் எல்லை. 104ல் தொடங்கிய நான் 93ல் இருக்கிறேன். இன்னும் போக வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும். ஆனால் பின்னிரவில் அது கலையும், கனவு வரும் கட்டம் குறையும். தூக்கம் கெட்ட மறுநாள் பசி அதிகம், இனிப்பின் மேல் ஆசை அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலை பூரிக்கும் மதியம் பிரியாணிக்கும் சனிக்கிழமை ராத்திரிதான் ஆணை போட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குள் பீரை முடித்து, படுக்கப் போகும்முன் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட ஆரம்பித்த பிறகு, ஞாயிறு விடியற்காலையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமாக நடக்க எழுந்திருக்க முடிகிறது.

நண்பர்களின் முன்னால் ஒன்றோடு எழுந்திருப்பதற்கு முதலில் மனத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. "என்ன மாப்ள, ஒண்ணுலயே எந்திரிக்கிற?" என்று கேட்டவனிடம், "வீட்ல ஒண்ணுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்டா" என்றேன். சிரித்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவன் அன்றைக்கு என்னோடு கூடவே நடந்து வந்தான். "வீட்ல சொல்லிட்டா வர்ற?" என்று தனியாகக் கேட்டான். அவனுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போடுகிறான். டாக்டரிடம் குடிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறான், மனைவிக்கும் தெரியாது. ஒருநாள் சரியாகச் சாப்பிடாமல் குடித்துவிட்டு வந்து, வழக்கம்போல மனைவி எடுத்துக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறியிருக்கிறது. மகள் பயந்துபோய்ச் சர்க்கரை பார்க்கும் கருவியில் விரலைக் குத்திப் பார்த்ததால் பிழைத்தான். அதுவரை வீட்டில் எல்லோரும் உடம்பு அசதி என்றே நினைத்திருக்கிறார்கள்.

சில வகைச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஆல்கஹால் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். ஆல்கஹாலைத் தீர்ப்பதில் மும்முரமாக இருக்கும் ஈரல், தேவையான நேரத்தில் சர்க்கரையை ரத்தத்துக்கு விடாது. இது டாக்டருக்குத் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லாத பீரைப் பற்றி அவர் எப்படி எச்சரிப்பார்? அந்த நண்பன் இப்போது டாக்டரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டான். குடியை முழுதாக நிறுத்தியும்விட்டான். சனிக்கிழமைகளில் வந்து எங்களோடு எலுமிச்சை சோடா குடிக்கிறான். அவனை அப்படிப் பார்ப்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஆகவே, என் வழி எல்லோருக்குமான வழி இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொடங்கும்முன் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்தேன். ஈரலில் கொழுப்பு படிந்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் சொல்வதும் அதுதான். யூரிக் ஆசிட் ஏறி மூட்டு வீங்குபவர்களுக்கு மற்ற மதுவைவிட பீர் இன்னும் கெடுதல். கர்ப்பிணிகள், சர்க்கரைக்கும் வலிப்புக்கும் மனநோய்க்கும் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். இதுவரை குடிக்காதவர்கள் தொடங்கவும் வேண்டாம். ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. எந்த அளவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. பீருக்கு என் டயட்டில் இடம் இருக்கிறது என்றால், அது நல்லது செய்கிறது என்று பொருளில்லை. பீரே இல்லாதிருந்தால் நான் இன்னும் சீக்கிரம் இறங்கியிருப்பேன். அந்தத் தாமதத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன்.

ஒன்று என்று சொல்லிவிட்டுப் போய் ஒன்றில் நிறுத்த முடியாதவர்களுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது வேறு உதவி. அது கிடைக்கவும் செய்கிறது. சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை 1980 முதல் இதே வேலையாக இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கூடுகின்றன. அங்கே போவதில் அவமானம் எதுவும் இல்லை.

எனக்கு நடந்த இன்னொரு மாற்றத்தையும் சொல்கிறேன். வீட்டில் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்த பிறகு, சில சனிக்கிழமைகளில் சொல்ல வாய் எடுத்து, இன்றைக்கு வேண்டாமே என்று தோன்றிவிடுகிறது. சொல்லும் அந்த ஒரு நொடியில் எனக்கு உண்மையாகவே அது வேண்டுமா என்று கேட்டுக்கொள்கிறேன். வேண்டும் என்றால் போகிறேன். அந்தப் பீரை முழு மனதோடு, ருசித்துக் குடிக்கிறேன். வேண்டாம் என்றால் வீட்டில் இருக்கிறேன். பழக்கத்துக்காகக் குடித்த பீர்கள் இப்படித்தான் குறைந்தன.

எடை குறைக்கத் தொடங்கும் என் வயது ஆண்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சார்ட் வாங்கப் போகும்போது எத்தனை, என்ன, கூட என்ன தின்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அதையே வீட்டிலும் சொல்லுங்கள். சொன்ன பிறகு கணக்கு போட வழி பிறக்கும். சோற்றில் எதைக் குறைப்பது, எந்தப் பாட்டிலை எடுப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு எளிது. வீட்டில் சொல்ல முடியாத அளவுக்கு அது இருக்கிறது என்றால், அந்தப் பீருக்கு டயட்டில் இடம் தேட வேண்டாம். அதை நிறுத்துவதற்கான உதவியைத் தேடுங்கள்.